பழைய பித்தளை நுண்ணோக்கியைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

3 மார்ச் 2024 – சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவரின் கேள்வி

மாமனார் காலமாகி மூன்று மாதமாகிறது. அவருடைய ஈரறை வீட்டைக் காலி செய்தபோது அலமாரிக்கு மேலே ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே பித்தளை மைக்ராஸ்கோப். குழாயில் ‘ஈ. லைட்ஸ், வெட்ஸ்லார்’ என்றும், 138 என்று தொடங்கும் ஆறிலக்க எண்ணும் பொறித்திருக்கிறது. மாமனாரின் அப்பா ஜொகூரில் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர் என்பது மட்டும் தெரியும். பித்தளை முழுக்கப் பழுப்பும் கறுப்புமாக, பார்க்கவே பரிதாபமாக இருக்கிறது. புளி போட்டுத் துலக்கிவிடலாம் என்கிறாள் மனைவி. பளபளப்பாக இருந்தால் 800 வெள்ளியாவது போகும் என்கிறார் நண்பர். எதைப் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் போகும்? லென்ஸுக்குள் வெள்ளையாகச் சிலந்தி வலை மாதிரி ஏதோ இருக்கிறது, அதை எப்படி எடுப்பது?

3 மார்ச், இரவு 11.40 – பதில்

தேய்க்காதீர்கள் தம்பி. புளி, எலுமிச்சை, சாம்பல், பல்பொடி, கடையில் டப்பாவில் விற்கும் துலக்கும் திரவம் எதுவும் வேண்டாம். இன்றிரவே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். விளக்கம் நாளைக்கு.

4 மார்ச்

நேற்று அவசரமாக எழுதினேன். விடிவதற்குள் உங்கள் சமையலறையில் புளி கரைந்துவிடுமோ என்ற பயம்.

நீங்கள் அழுக்கு என்று நினைக்கும் பழுப்பில் பெரும்பகுதி அரக்குப் பூச்சு. அந்தக் காலத்தில் கருவி செய்தவர்கள் பித்தளையைக் கடைந்து மெருகேற்றி, லேசாகச் சூடுபடுத்தி, சாராயத்தில் கரைத்த அரக்கை மெல்லிய தூரிகையால் பூசுவார்கள். பொன்னிறம் வருவதற்கு அதில் நிறப் பிசின்கள் சேர்ப்பதுண்டு. அவற்றில் ஒன்று சுமத்ரா, போர்னியோ காட்டுப் பிரம்பின் காயிலிருந்து எடுக்கும் சிவப்புப் பிசின். அரக்கு, இந்தியக் காட்டு மரங்களில் பூச்சி விட்டுப்போவது. ஐரோப்பாவில் செய்த கருவியின் மேல்தோல் நம் பக்கத்துக் காடுகளிலிருந்து போயிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

பூச்சு இருக்கும்வரை காற்று பித்தளையைத் தொடாது. புளியும் பொடியும் அதைச் சுரண்டிவிடும். ஸ்பிரிட் கரைத்தே விடும். போனால் போனதுதான்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. 1997இல் சுங்கை ரோடு சந்தையில் 120 வெள்ளி கொடுத்து ஒரு பித்தளை நுண்ணோக்கி வாங்கினேன். அப்போது ஆய்வுக்கூட வேலையில் இருந்தேன். பகலெல்லாம் ரத்த ஸ்லைடு பார்த்துவிட்டு வந்த கைக்கு அந்தப் பித்தளையின் கனம் அவ்வளவு பிடித்திருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பழைய கைலித் துணியை வைத்துக்கொண்டு தேய்த்தேன். பொன்னாக வந்தது. வரவேற்பறையில் வைத்தேன், வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். ஆறு வாரத்தில் விரல் பட்ட இடமெல்லாம் ரேகையோடு கறுத்தது. திருகு இடுக்குகளில் பச்சை பூத்தது. மறுபடி தேய்த்தேன். மூன்றாவது முறைதான் கவனித்தேன்: செய்தவர் பெயர் பொறித்த எழுத்துகளுக்குள் நிரப்பியிருந்த கறுப்பு மெழுகு முழுக்கப் போய்விட்டது, எழுத்தின் விளிம்பும் மழுங்கிவிட்டது. ஸ்லைடு வைக்கும் மேடையின் ஓரத்தில், யாரோ வருடக்கணக்கில் ஸ்லைடைத் தள்ளித் தள்ளி உண்டான ஒரு தேய்மானம் இருந்தது. வாங்கிய அன்று அதை விரலால் தடவிப் பார்த்தேன். இப்போது அது எந்த ஓரம் என்று எனக்கே தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பூசும் தூரிகை போல மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பஞ்சுத் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, தேவையென்றால் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, ஒரு சின்ன இடத்தில் முதலில் துடைத்துப் பாருங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் மஞ்சள் ஏறினால் நிறுத்திவிடுங்கள்.

6 மார்ச்

லென்ஸுக்குள் சிலந்தி வலை என்றீர்களே, அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் மூடிவைத்த கண்ணாடிக்கு வரும் நோய். கேமரா வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் லென்ஸ் துடைக்கும் தாளில் வாயால் ஊதிய ஈரமே பலமுறை போதும். உள்ளே என்றால் கழற்றத் தெரிந்தவர்தான் தொட வேண்டும். பழைய லென்ஸ்கள் பலவும் இரண்டு, மூன்று கண்ணாடித் துண்டுகளைக் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டியவை. அந்தப் பிசினை ஸ்பிரிட்டும் சைலீன் என்ற கரைப்பானும் இளக்கும். என்னுடைய உயர்திறன் லென்ஸ் ஒன்றை, கேமரா பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் நல்ல எண்ணத்தில்தான் இரவு முழுக்க ஸ்பிரிட்டில் ஊறப்போட்டிருக்கிறார். காலையில் பூஞ்சை இல்லை. ஓரத்திலிருந்து வானவில் மாதிரி வளையங்கள் உள்நோக்கி ஓடியிருந்தன. ஒட்டு விட்டுவிட்டது. அதற்குப் பிறகு அதில் நேராக ஒரு கோடு பார்க்க முடிந்ததில்லை.

முதல் வேலையாக, ஈரத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினட் ஒன்று வாங்குங்கள். ஈரப்பதத்தை 45 விழுக்காட்டில் வையுங்கள். எல்லாவற்றையும் பெட்டியோடு உள்ளே வைத்துவிடலாம்.

9 மார்ச்

பொங்கோலிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: “வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோம். கறுத்த பித்தளையை வீட்டில் வைத்திருப்பது மரியாதையா?”

இந்தக் கேள்வியை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நியாயமான கேள்வி. என் அம்மா கறுத்த விளக்கில் திரி போட மாட்டார். தம்பியின் மனைவிக்குப் புளி ஞாபகம் வந்ததும் அந்தப் பழக்கத்தில்தான். 1997இல் என் கை தேய்க்கத் துடித்ததும் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. மங்கிய பித்தளை நமக்குக் கவனிக்காமல் விட்ட வீட்டின் அடையாளம்.

ஆனால் விளக்குக்குப் பூச்சு இல்லை. எண்ணெயும் கரியும் படிவது அதன் வேலை, வாரம் ஒருமுறை துலக்குவது அதற்கான பராமரிப்பு. தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து அன்னத்தின் மூக்கு மழுங்கிப்போன விளக்குகள் நம் வீடுகளில் உண்டு. அந்தத் தேய்மானம் துலக்கிய பெண்களின் கைரேகை. நுண்ணோக்கியின் தேய்மானம் அதில் பார்த்தவருடையது. இரண்டையும் காப்பாற்றத்தான் சொல்கிறேன். விளக்கைத் துலக்குங்கள் அக்கா, நானும் துலக்குகிறேன்.

10 மார்ச்

தம்பி போட்ட படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காவது படத்தில் ஒன்று தெரிகிறது. தூணின் இரண்டு பக்கமும், பார்வையைத் துல்லியமாக்கத் திருப்பும் நுண் குவிப்புத் திருகு இருக்கிறது. வலப்பக்கத் திருகில் பூச்சு அப்படியே இருக்கிறது. இடப்பக்கத்தில் வரிப்பள்ளங்களின் முனை எல்லாம் வெளுத்து, பெருவிரல் அகலத்துக்கு வெறும் பித்தளை. டிரெசர் தாத்தா இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்று நினைக்கிறேன்.

17 மார்ச்

விலை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். லைட்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் நுண்ணோக்கி அபூர்வமான கருவி இல்லை. 1907இலேயே அவர்களுடைய 100,000வது நுண்ணோக்கி வந்துவிட்டது. அதைக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்குக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். தம்பியின் எண் 138 ஆயிரத்துச் சொச்சம் என்றால் அதற்குப் பிந்தையது, அவ்வளவு நிச்சயம். உலகம் முழுக்கக் கிடைக்கும் சாதனம். பளபளவென்று தேய்த்தால் வீட்டு அலங்காரத்துக்கு வாங்குபவர் கொஞ்சம் கூடக் கொடுப்பார், கருவி தெரிந்தவர் பாதியாகக் குறைப்பார். ஜொகூர்த் தோட்டத்துக்கதை இந்த ஒன்றுக்கு மட்டும்தான் உண்டு, அதற்கு என்னால் விலை சொல்ல முடியாது.

வாங்கப் புறப்படும் புதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வார இறுதிச் சந்தைகளிலும் இணையத்திலும் ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917’ என்று பொறித்த பித்தளை செக்ஸ்டன்ட், கப்பலில் சூரியன், நட்சத்திரங்களின் கோணத்தை அளக்கும் கருவி, நிறைய வருகிறது. கெல்வின் அண்ட் ஹியூஸ் என்ற பெயரில் நிறுவனங்கள் இணைந்ததே 1947இல். முப்பது வருடம் முன்தேதி போட்ட கருவி. அலங்காரப் பொருளாகச் செய்து விற்கிறார்கள், அப்படியே சொல்லி விற்றால் குற்றமில்லை. கப்பல்காரருடையது என்று சொல்லி விற்கும்போதுதான் வயிறு எரிகிறது. நிஜமான செக்ஸ்டன்டில் வளைவு அளவுகோலின் கோடுகள் தலைமயிர் போல இருக்கும். பெட்டி மூடியின் உட்புறம் பெரும்பாலும் சோதனைச் சான்றிதழ் ஒட்டியிருக்கும், அதில் ஒவ்வொரு கோணத்துக்கும் உள்ள பிழையைக் கையால் எழுதியிருப்பார்கள். பிழையை ஒளிக்காமல் எழுதி ஒட்டியிருக்கும் அந்தத் தாள் எனக்குக் கருவியைவிடப் பிடிக்கும்.

18 மார்ச்

இரண்டு திருத்தங்கள்.

இடக்கைப் பழக்கம் என்று நான் சொன்னது தவறு. இன்று காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என் கையே எனக்குச் சொன்னது. முப்பது வருடம் நானும் இடக்கையால்தான் நுண் திருகைத் திருப்பினேன். வலக்கையில் பென்சில். கண்ணை எடுக்காமல் எண்ணிக்கையைக் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும், அதற்கு வலக்கை வேண்டும். ஆக, தாத்தா ஒரு ஸ்லைடைச் சும்மா பார்த்துவிட்டு வைத்தவர் அல்ல. எண்ணியவர், எழுதியவர். இடக்கைப் பழக்கம் என்ற ஊகத்தைவிட இது பெரிய செய்தி.

இரண்டாவது, தம்பிக்குத் தனியாகச் சொன்னபோது குழாயை 160 மில்லிமீட்டருக்கு இழுத்து வைக்கச் சொன்னேன். அது மற்ற நிறுவனங்களின் அளவு. லைட்ஸ் 170. உள்குழாயில் கோடு போட்டு எண் பொறித்திருக்கும், 17 வரை இழுங்கள். குறைந்த திறனில் வித்தியாசம் தெரியாது, எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸில் நன்றாகவே தெரியும்.

31 மார்ச்

பாதரச ரத்த அழுத்தமானி பற்றி ஈசூன் அண்ணன் கேட்டார். பாமனோமீட்டர் என்ற பெயருள்ளதை, மரப்பெட்டியில், கண்ணாடிக் குழாயோடு இணையத்தில் பார்த்தாராம்.

அழகான சாதனம். இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி 1896இல் மேல்கைப் பட்டையைக் கட்டிப் பாதரசத்தை ஏற்றினார், 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சத்தம் கேட்டார். அந்த இரண்டையும் சேர்த்துத்தான் இன்றும் ‘120க்கு 80’ என்கிறோம். பாதரசம் போன பிறகும் ‘மில்லிமீட்டர் பாதரசம்’ என்று அளவின் பெயரில் பாதரசம் இருக்கிறது.

ஆனால் அண்ணே, வாங்குவதற்கு முன் என் கதையைக் கேளுங்கள். 2009இல் ஒன்று வாங்கி டாக்சியில் மடியில் படுக்க வைத்துக்கொண்டு வந்தேன். பாதரசத் தொட்டியின் அடைப்பானை மூட வேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வீட்டில் பெட்டியைத் திறந்ததும் ஓரத்திலிருந்து உருண்டு வந்தது. தரையில் விழுந்த ஒரு மணி நூறு மணியானது. சோபாவுக்கு அடியில், ஓடு இணையும் கோட்டில், வாசற்படியில். சன்னலெல்லாம் திறந்து, மகனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தடித்த அட்டையால் கூட்டிச் சேர்த்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் தண்ணீருக்கு அடியில் வைத்தேன். பொடி மணிகளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்தேன். நாலு மணி நேரம் ஆயிற்று. துடைப்பமும் வேக்குவமும் எடுக்கவே கூடாது, வேக்குவம் அதைச் சூடாக்கி ஆவியாக வீடெங்கும் ஊதிவிடும். மோதிரம், வளையல், தாலிக்கொடி எல்லாவற்றையும் முதலில் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். குப்பைக் குழாயில் போடாதீர்கள், நச்சுக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம்தான் போக வேண்டும். விமானத்தில் கொண்டு வரும் எண்ணமும் வேண்டாம்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்பாடு 2017இல் நடைமுறைக்கு வந்த பிறகு பாதரசக் கருவிகள் உலகெங்கும் மறைந்துகொண்டிருக்கின்றன. அது நல்லதுதான் என்று முழு மனதோடு சொல்கிறேன். உங்களுக்கு வேண்டுமென்றால் பாதரசம் இறக்கப்பட்ட காலிக் கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.

2 ஏப்ரல்

டிரை கேபினட்டில் பெட்டியோடு வைக்கலாம் என்று மார்ச் 6ஆம் தேதி சொன்னேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று என் பெட்டி ஒன்றின் மூலை இணைப்பு விட்டிருந்தது, அடிப்பலகையில் மயிரிழை விரிசல். இத்தனை வருடம் நம் ஈரத்தில் ஊறிய மரம் திடீரென்று உலர்ந்தால் சுருங்கத்தான் செய்யும். லென்ஸ்களை மட்டும் கழற்றி உள்ளே வையுங்கள். பெட்டியும் உடலும் காற்றோட்டமான அலமாரியில் இருக்கட்டும், சமையலறைக்கும் வெளிச்சுவருக்கும் தள்ளி.

13 ஏப்ரல்

நாளை புத்தாண்டு. வீடு கழுவும்போது சீனத் தராசு கையில் வந்தது, அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

வயலின் வடிவத்தில் மெல்லிய மரப்பெட்டி. திறந்தால் சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு கோல், கயிற்றில் தொங்கும் பித்தளைத் தட்டு, ஒரு குண்டு. இதைத்தான் டாச்சிங் என்பார்கள். சந்தையில் எல்லாவற்றுக்கும் ‘அபின் தராசு’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள், அப்படிச் சொன்னால் விலை கூடுகிறது. அபின் நிறுத்ததும் உண்மைதான். இங்கே அபின் விற்பனையை 1910இலிருந்து அரசாங்கமே நடத்தியது, போருக்குப் பிறகு 1946இல்தான் முழுத் தடை வந்தது. ஆனால் மருந்துக்கடைக்காரரும் பொற்கொல்லரும் இதே தராசைத்தான் கையில் பிடித்தார்கள். என்னுடையது தோ பாயோவில் ஒரு மூலிகைக் கடையை மூடியபோது கடைக்காரத் தாத்தா கொடுத்தது. கோலின் ஒரு முனை மற்றதைவிட மஞ்சளாக இருக்கிறது, அவர் விரல் பிடித்த இடம்.

பழைய எடைக் கணக்கில் 16 தாஹில் ஒரு ‘கட்டி’. ஒரு தாஹில் ஏறக்குறைய 37.8 கிராம். அதில் நூறில் ஒன்று ஹூன். போன வருடம் ஊரிலிருந்து கொண்டுவந்த குன்றிமணிகளைத் தட்டில் போட்டுப் பார்த்தேன். மூன்று குன்றிமணிக்குக் கோல் ஒரு ஹூன் புள்ளியில் நேராக நின்றது. தேக்காவில் தமிழ்ப் பொற்கொல்லரும் சைனாடவுனில் சீன மருந்துக்காரரும் ஒன்றோடொன்று ஏறக்குறையப் பொருந்தும் அளவுகளில்தான் நிறுத்திருக்கிறார்கள்.

ஒரு கவனம்: இந்தக் கோல்களில் பல எலும்பு, சில தந்தம். யானைத் தந்தம் விற்பது சிங்கப்பூரில் 1 செப்டம்பர் 2021 முதல் தடை. பழசு என்றாலும் விற்பதற்கில்லை, வீட்டில் வைத்திருப்பதற்குத் தடை இல்லை. பழைய மருத்துவக் கருவிகளிலும் தந்தம் ஒளிந்திருக்கும்: மரக்குழல் ஸ்டெதாஸ்கோப்பின் காது வட்டு, வெப்பமானியின் அளவுத்தகடு, நுண்ணோக்கி ஸ்லைடின் சட்டம். பத்து மடங்கு கைலென்ஸில் கோலின் வெட்டுமுனையைப் பாருங்கள். மெல்லிய கோடுகள் வலை போலக் குறுக்கும் நெடுக்கும் வளைந்து ஓடினால் தந்தம். கரும்புள்ளிகளும் சின்னக் குழிகளும் இருந்தால் எலும்பு. என்னுடையதில் குழிகள்தான். பார்த்து நிம்மதியானேன்.

21 ஏப்ரல்

“அப்படியானால் எதையுமே தொடக்கூடாதா? பழுதும் பார்க்கக்கூடாதா?” என்று ஒருவர் கொஞ்சம் காட்டமாகக் கேட்டிருக்கிறார். காட்டத்தில் தப்பில்லை.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கதை நினைவுக்கு வருகிறது. 1802இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து, லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கினார். கையில் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணமானி, லண்டனில் கேரி என்பவர் செய்தது, வட்டம் மட்டும் மூன்றடி. 1808இல் சமவெளியில் உயரமான இடம் இல்லாமல் அதைப் பெரிய கோயில் கோபுரத்தில் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு விட்டு, கருவி கல்லில் மோதி, வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் ஆறு வாரம் போல உட்கார்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார், அதே கருவியில் வேலை தொடர்ந்தது. பின்னால், லாம்டனுக்கு அடுத்துப் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் அந்தக் கருவிகளைச் சீர் செய்து கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஆற்காட்டுக்காரரான சையத் மொசின். நம் பக்கத்துக் கை.

லாம்டன் நிமிர்த்தாமல் விட்டிருந்தால் கோணம் பொய் சொல்லியிருக்கும். வேலையில் இருக்கும் கருவிக்குப் பழுது பார்ப்பதுதான் உயிர். ஓய்வுபெற்ற கருவியை நாம் எந்த வேலைக்காகத் தேய்க்கிறோம் என்பதுதான் என் கேள்வி. நகராத திருகுக்குப் புது மசகு போடுவேன், அதில் பார்க்க வேண்டும் என்பதற்காக. பளபளப்புக்காகக் கை வைக்க மாட்டேன். மார்ச் 4ஆம் தேதி ‘எதுவும் செய்யாதே’ என்கிற மாதிரி தொனித்திருந்தால், இப்படி மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

5 மே

மருத்துவக் கருவி சேர்க்க ஆரம்பித்தது எப்படி என்று கேட்டவருக்கு. சந்தையில் ஆரம்பிக்கவில்லை. அம்மாவின் கைப்பையில் ஆரம்பித்தது.

அம்மா காண்டாங் கெர்பா மகப்பேற்று மருத்துவமனையில் பிரசவத் தாதி. மலாய் மொழியில் ‘எருமைத் தொழுவம்’ என்று பெயர், அந்தக் காலத்தில் சிராங்கூன் பக்கம் மாடு வைத்திருந்த நம் ஆட்களால் வந்த பெயர். 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன, ஒரு நாளைக்கு நூற்றொன்பது. அம்மா அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லும்போது “உட்கார்ந்த ஞாபகமே இல்லை” என்பார்.

அவர் வைத்திருந்தது, வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயத்தைக் கேட்கும் பினார் குழல். பாரிஸில் பினார் என்ற மகப்பேறு மருத்துவர் 1895இல் செய்தது, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் தட்டையான சின்ன ஊதுகொம்பு மாதிரி. அகன்ற பக்கத்தை வயிற்றில் வைத்து, தட்டைப் பக்கத்தில் காதை அழுத்தி, கையை எடுத்துவிட வேண்டும். கை பட்டால் கையின் சத்தம்தான் கேட்கும். காதுக்கும் வயிற்றுக்கும் நடுவே குழல் தானாக நிற்கும். அப்போது கேட்கும் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110இலிருந்து 160. தலையணைக்கு அடியில் வைத்த கைக்கடிகாரம் போல இருக்கும் என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். என் தம்பி வயிற்றில் இருந்தபோது தன் வயிற்றிலேயே வைத்து என்னைக் கேட்க வைத்தார். எனக்கு ஏழு வயது. முதலில் எதுவும் கேட்கவில்லை. “மூச்சை நிறுத்து” என்றார். நிறுத்தினேன். கேட்டது.

அலுமினியக் குழல். அகன்ற வாயின் விளிம்பில் ஒரு நசுங்கல், சிமெண்டுத் தரையில் விழுந்தது. காது வைக்கும் வட்டு நடுவில் மட்டும் வெள்ளிக் காசு போல மின்னுகிறது, சுற்றிலும் சாம்பல். நசுங்கலை நிமிர்த்தித் தருகிறேன் என்று ஒரு பட்டறைக்காரர் சொன்னார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் வேலை செய்த ஓர் ஆய்வுக்கூடம் இடம் மாறியபோது மூன்று பெட்டி பழைய கருவிகள் பழைய பொருள் வாங்கும் காராங் கூனிக்காரரிடம் கிலோக்கணக்கில் போயின. அன்று நான் விடுப்பில் இருந்தேன். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடும்வரை, அவற்றில் ஒன்றாவது கண்ணில் படாதா என்று போய்ப் போய்ப் பார்த்தேன். படவில்லை. பொது மருத்துவமனை வளாகத்தில் பவ்யர் கட்டடத்து அரும்பொருளகம் இருக்கிறது, பழைய கருவிகளைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் போய்வாருங்கள்.

19 மே

தம்பியும் மனைவியும் இன்று அங் மோ கியோவுக்கு வந்திருந்தார்கள், பெட்டியோடு. நான் மேசையில் துண்டு விரித்து வைத்திருந்தேன்.

பெட்டியின் அடியில் ஓர் இழுப்பறை. அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, மரம் உப்பி இறுகியிருந்தது. ஒரு வாரமாகக் காற்றாட வைத்திருந்ததால் இன்று மெதுவாக அசைத்தபோது வந்தது. உள்ளே தடித்த தாளில் சுற்றிய ஐந்து ஸ்லைடுகள், லென்ஸுக்கு விடும் தேவதாரு எண்ணெய்க் குப்பி ஒன்று, எண்ணெய் இறுகித் தேன் பாகாகி அடியில் கிடந்தது. ஸ்லைடின் ஓரத்தில் கீறி எழுதிய எண் மட்டும்: 9, 11, 14, 14, 20. பெயர் எதுவும் இல்லை. பதினான்கு இரண்டு முறை.

எண்ணெய் லென்ஸின் முனையில் பழைய எண்ணெய் கண்ணாடி போல இறுகியிருந்தது. லென்ஸ் தாளின் முனையில் சைலீனைத் தொட்டு, ஒரே முறை துடைத்து, உடனே உலர்ந்த தாளால் ஒற்றினேன். மூன்று தடவை. நடுவில் நிறுத்தி வளையம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. குழாயை 17க்கு இழுத்தோம். புது எண்ணெய் ஒரு சொட்டு. கண்ணாடியைச் சன்னல் பக்கம் திருப்பினோம்.

முதலில் 9. சாயம் முழுக்க வெளுத்து, சிவப்பணுக்கள் வெறும் நிழலாக இருந்தன. 11உம் அப்படித்தான். 14இல் ஊதா கொஞ்சம் மிச்சம் இருந்தது. கியெம்சா சாயமாகத்தான் இருக்க வேண்டும், 1904க்குப் பிறகு மலேரியா பார்ப்பவர்கள் பலரும் அதைத்தான் நம்பினார்கள். நான் பார்த்துக்கொண்டே போனேன். இடக்கை தானாகவே அந்த வெளுத்த இடத்தில் போய் உட்கார்ந்தது. இருபது நிமிடம் இருக்கும். அப்புறம் ஓர் அணுவுக்குள் மோதிரம், மலேரியாக் கிருமியின் இளம் வடிவம். மெல்லிய நீல வளையம், ஒரு பக்கம் கல் பதித்த மாதிரி சிவப்புப் புள்ளி. நகர்த்தினேன், பக்கத்து அணுவில் இன்னொன்று.

ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைப் பார்த்த பிறகுதான், கொசுவை ஒழித்தால் காய்ச்சல் ஒழியும் என்று மலாயாவின் கிள்ளானில் டாக்டர் வாட்சன் 1901இல் சதுப்பு நிலத்தை வடிக்கத் தொடங்கினார். தோட்டங்களில் நம் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த காலம். காடு வெட்டி ஓடை திறந்த இடமெல்லாம் காய்ச்சல். பெரிய பெயர்களெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. வரிசையில் நின்ற கூலிக்காரர்களின் விரலில் குத்தி, ஸ்லைடில் தடவி, சன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிய டிரெசர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

தம்பியின் மனைவி பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. “தாத்தா இதைப் பார்த்துட்டு என்ன பண்ணியிருப்பார்?” என்று கேட்டார். கொயினா மாத்திரை கொடுத்திருப்பார் என்றேன். “அப்போ பதினாலாம் நம்பர் ரெண்டு தடவை?” மருந்து கொடுத்த பிறகு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கலாம் என்றேன். உடனே இரண்டாவது 14ஐ எடுத்து வைத்தோம். அதில் சாயம் இன்னும் மங்கல். வெளிச்சம் போகும்வரை பார்த்தோம். எதுவும் கண்ணில் படவில்லை, ஆனால் இல்லை என்று சொல்லும் அளவுக்கு இன்னும் பார்க்கவில்லை.

20 மே

விற்பனைக்கு இல்லை என்று தம்பி எழுதச் சொன்னார். விலை கேட்டு யாரும் அவருக்கு எழுத வேண்டாம்.

பெட்டியை எடுத்துப் போய்விட்டார்கள். இரண்டாவது 14ஐ மட்டும் என்னிடம் விட்டுப் போயிருக்கிறார்கள். நூறு புலமாவது, அதாவது லென்ஸில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டம் நூறாவது, பார்க்க வேண்டும். காலை வெளிச்சத்தில் உட்காரப் போகிறேன், எண்ணி முடித்ததும் எழுதுகிறேன்.